ஒன்பதாவது கேள்வி

நான்கு மொழிகளிலும் இருந்தது படிவம்.
தமிழை எடுத்தேன்,
பள்ளியில் நான் தேறிய ஒரே பாடம்.

ஒன்பதாவது கேள்வி:
'நீங்கள் விலகி வந்ததற்கான காரணம்.'
எதிரே ஒரே ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.
"மனசுல பட்டத எழுதுங்க" என்றாள்
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.

முன்னால் போனவன் கடவுள் என்று எழுதியிருந்தான்.
அம்மா என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள்.
என் அம்மா அழுதாள், உண்மைதான்.
என் பதினாறு வயதிலிருந்து அழுதாள்.
அந்த அழுகை காதில் இருக்கத்தான்
ஒவ்வோர் இரவும் லிஃப்டில் கீழே இறங்கினேன்.

துவாஸ் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வாரம்.
கணுக்காலில் இருந்த பட்டையைக் கழற்றி நாற்பது நாள்.
அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது,
வேறு யாருடைய தோலோ போல.
இனி பத்து மணிக்கு வீட்டில் இருக்கச் சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்குத்தான் தர்வின் கூப்பிட்டான்,
பதினேழு முறை.
ஈசூன் காப்பிக்கடையில்
யாரோ யாரையோ முறைத்துவிட்டார்கள்.
அவ்வளவுதான் விஷயம்.
'முறைச்சான்' என்கிற ஒரு சொல்லுக்கு
எத்தனை தையல் வாங்கியிருக்கிறோம் நாங்கள்.

தலையணைக்கு அடியில்
நடுங்கி நடுங்கிச் செத்துப்போனது தொலைபேசி.
நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.
வீரம் இல்லை.
திருந்தவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
சோயா சாஸ் பெட்டிகளோடு
பத்து மணி நேரம் மல்லுக்கட்டிய முதுகு
என்னைக் கேட்காமலே எடுத்த முடிவு.

விடிந்ததும் தெரிந்தது தர்வினின் மூன்று விரல்கள்.
ஹம்சாவுக்கு ஆறரை வருஷம்,
எட்டுப் பிரம்படி என்பதெல்லாம் பிறகு.
ஆறு பேர் போக வேண்டிய இடத்துக்கு
ஐந்து பேர் போயிருந்தார்கள்.
ஆறாவது ஆள் இருந்திருந்தால்
விரல்கள் மிஞ்சியிருக்குமா,
இன்னும் நாலு சேர்ந்து போயிருக்குமா?
இதைக் கேட்கப் படிவத்தில் இடம் இல்லை.

எங்களுக்கு ஓர் எண் இருந்தது.
அதைச் சொன்னால் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள்.
கிடங்கில் என் அலமாரிக் கதவில்
பொற்செழியன் சன் ஆஃப் முத்தரசு
என்று ஒட்டியிருக்கிறது.
மேற்பார்வையாளர் ஆ ஹொக்குக்கு ழகரம் வராது.
"செலி! செலி! மூணாவது ரேக்!"
முதல் நாள் கோபம் வந்தது.
இப்போது அந்தச் செலிக்கு
விடுப்பு நாள் ஏழு மிச்சம் இருக்கிறது.

என் கழுத்தில் ஒரு டிராகன் உண்டு.
போன வாரம் லிஃப்டில் ஒரு பொடியன் கேட்டான்:
"அங்கிள், அதுக்கு ஏன் வால் இல்ல?"
"வரஞ்சவர போலிஸ் புடிச்சிட்டாங்கடா."
அவன் அம்மா அவனை இழுத்து
மறுபுறம் நிறுத்திக்கொண்டாள்.
எட்டு மாடி.
பொடியன் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்,
எப்படியும் வால் முளைத்துவிடும் என்பதுபோல.

இன்னமும் காப்பிக்கடையில்
முதுகுக்குச் சுவர் இருக்கும் நாற்காலிதான் தேடுகிறேன்.
யாராவது முறைத்தால்
தே ஓவில் கரையாத சீனியைப் பார்க்கிறேன்,
கரைந்த பின்னும் கலக்குகிறேன்.
உள்ளே ஒருவன் எழுந்து நிற்கத்தான் செய்கிறான்.
காலையில் ஐந்தேகாலுக்கு லாரி என்றால்
உட்கார்ந்துவிடுகிறான்.
சில நாள் உடனே, சில நாள் மெதுவாக.

கோட்டின் மேல் ஒரே சொல் எழுதிக் கொடுத்தேன்.
என் கையெழுத்து அப்படி,
எழுத்தின் கடைசிச் சுழி விழவே இல்லை.
அவள் படித்தாள்.
"துக்கம்?"
நிமிர்ந்து பார்த்தாள், குரல் தாழ்ந்திருந்தது.

தூக்கம் என்று திருத்தப் பேனாவைக் கேட்டிருக்கலாம்.
பின்னால் இருந்தவன் நாற்காலியை இழுத்தான்.
இருக்கட்டும் என்று எழுந்துகொண்டேன்.